மலிவு அட்டைகளும் எங்கள் பெயர்களும்

மலையகத்தில் ‘அட்டை’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது மழைக்காலத்தில் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைதான். அடுத்தது அடையாள அட்டை. நான் இங்கே எழுதுவது மூன்றாவது வகை பற்றி. கிரிக்கெட் வீரர்கள், மல்யுத்த வீரர்கள், சினிமா நடிகர்கள் ஆகியோரின் படம் போட்டு, பெட்டிக்கடையிலும் திருவிழாக் கடையிலும் தொங்கும் மலிவான பட அட்டைகள் அவை. பிள்ளைகள் இவற்றை ‘கார்ட்’ என்பார்கள்.

கந்தப்பளையில் பிறந்து வளர்ந்த நான் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து இவற்றைச் சேர்த்து வருகிறேன். இப்போது என்னிடம் அறுநூறுக்குச் சற்று அதிகமான அட்டைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விற்றாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரச் சாமான் வாங்கப் போதாது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இது வீண் செலவு இல்லையா?” நியாயமான கேள்வி. சில வகையில் சேர்த்தால் வீண் செலவுதான். வேறு வகையில் சேர்த்தால் அப்படியில்லை. அந்த வித்தியாசத்தை விளக்கவே இந்தக் கட்டுரை.

சிகரெட்டிலிருந்து தேயிலைக்கு

பட அட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட் பக்கட்டுகளோடு வந்தவை. அக்காலத்து சிகரெட் பக்கட் மெல்லிய தாளால் ஆனது. உள்ளே இருப்பது நசுங்காமல் இருக்க ஒரு தடித்த அட்டைத் துண்டை வைத்தார்கள். வெறும் துண்டாக வைப்பதைவிடப் படம் போட்டு வைத்தால் வாங்குபவர் மறுபடியும் வருவார் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். 1896இல் இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 50 கிரிக்கெட் வீரர்களின் தொகுதி ஒன்றை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் 1940இல் பிரித்தானியாவில் சிகரெட் அட்டைகள் நின்றுபோயின.

அடுத்து வந்தது எங்களுக்கு நெருக்கமான பொருள், தேயிலை. 1954இல் புரூக் பொண்ட் நிறுவனம் பிரித்தானியாவில் தன் தேயிலைப் பக்கட்டுகளுக்குள் பறவைப் பட அட்டைகளை வைக்கத் தொடங்கியது. முதல் தொகுதியில் 20 அட்டைகள். பிறகு பூக்கள், மீன்கள், ஆபிரிக்க விலங்குகள், விண்வெளிப் பயணம் என்று தொகுதிகள் வந்துகொண்டே இருந்தன. சார்ள்ஸ் டனிகிளிஃப் போன்ற பெயர்பெற்ற ஓவியர்கள் வரைந்தார்கள். அட்டைகளை ஒட்டுவதற்கான அல்பத்தை மளிகைக் கடைகளில் சில பென்ஸுக்கு வாங்கலாம். 1999 வரை, 45 வருடம் இது நடந்தது. அந்தத் தொடக்க வருடங்களில் பிரித்தானியா குடித்த தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் போனது. இங்கே பறித்த கொழுந்து தூளாகிக் கப்பலேறி, அங்கே ஒரு பிள்ளையின் கையில் மீன்கொத்திப் படத்தோடு போய்ச் சேர்ந்தது. பறித்தவரின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படியோர் அல்பம் கிடைத்திருக்கும்?

எங்கள் காலத்தில் இங்கே வந்தவை வேறு. சுவிங்கத்தோடு வந்த கிரிக்கெட் படங்கள், இந்தியாவிலிருந்து வந்த ட்ரம்ப் கார்ட். மல்யுத்த வீரரின் உயரம், எடை, மார்பளவு, தரவரிசை எல்லாம் அச்சிட்டிருக்கும். ஆளுக்குப் பாதியாகக் கட்டைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் “எடை” என்று சொல்லித் தன் அட்டையின் எண்ணை வாசிக்க வேண்டும். எதிராளியின் எண் குறைவாக இருந்தால் அவருடைய அட்டை நமக்கு. எடை என்று சொன்னால் யோகோசுனாவை யாரும் வெல்ல முடியாது. எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் என் வகுப்பில் பலருக்கு இந்த அட்டைகளில்தான் முதலில் வந்தது.

பக்கட்டுக்குள் இருக்கும் கணக்கு

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், மூடிய பக்கட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது என்பதுதான். தெரியாமல் இருப்பதை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. இதற்குத் தெளிவான ஒரு கணக்கு உண்டு.

ஒரு தொகுதியில் 50 அட்டைகள், பக்கட்டுக்கு ஒரு அட்டை, எல்லா அட்டைகளும் சம அளவில் அச்சிடப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். தொகுதியை முழுமையாக்க எத்தனை பக்கட் வாங்க வேண்டும்? ஐம்பது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். நிகழ்தகவுக் கணக்கின்படி சராசரியாக 225 பக்கட் தேவை. முதல் 25 அட்டைகள் ஏறத்தாழ 34 பக்கட்டுகளிலேயே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் 190 பக்கட்டுக்கு மேல் போகும். கையில் உள்ளவை கூடக் கூட, புதிய பக்கட்டில் ஏற்கெனவே இருப்பதே வரும் வாய்ப்பும் கூடுகிறது. கடைசி ஒரு அட்டைக்கு மட்டும் சராசரியாக 50 பக்கட் வேண்டும்.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். பக்கட் 50 ரூபா என்றால் 225 பக்கட்டுக்கு 11,250 ரூபா. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அந்த 1,350 ரூபா கணக்கில், ஐம்பது படங்களுக்காக எட்டு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு போகிறது. கடைக்காரர் “ஐம்பது ரூபாதானே” என்பார். ஒரு பக்கட் மலிவுதான், ஆனால் முழுத் தொகுதி மலிவில்லை.

அதனால் என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, ‘செட்’ முடிக்க ஓடாதீர்கள். இரண்டு, பக்கட்டை விட மாற்றுவதை நம்புங்கள். எனக்கு இரட்டையாக வந்தது உனக்கு இல்லாததாக இருக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து மாற்றிக்கொண்டால் ஒவ்வொருவரின் செலவும் நன்றாகக் குறையும்.

விலை ஏறும் என்ற கனவு

இணையத்தில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. 1952இல் அமெரிக்காவின் டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மான்டில் என்ற பேஸ்போல் வீரரின் அட்டை 2022 ஓகஸ்டில் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. செய்தி உண்மை. அந்த அட்டை ஏன் அரிதானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தொடரில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அதை உருவாக்கிய சை பெர்கர் பின்னாளில் சொன்னார். மிஞ்சியவற்றிலும் மடிப்பு, கறை, தேய்வு இல்லாத ஒன்றுக்குத்தான் அந்த விலை.

எங்கள் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் உரிமம் இல்லாமல் அச்சடிக்கப்பட்டவை. பெயரில் எழுத்துப்பிழை இருக்கும், எண்களும் சில நேரம் பிழையாக இருக்கும். இவற்றுக்கு ஏல விலை வராது. வெளிநாடுகளில் அட்டைகளைச் சோதித்து 1 முதல் 10 வரை தரம் போட்டுக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் சாதாரண அட்டை ஒன்றுக்கு அந்தச் சோதனைக் கட்டணமே அட்டையின் விலையைத் தாண்டும். ஆகவே ‘பிற்காலத்தில் காசாகும்’ என்று யாராவது பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கனவை விட்டுவிட்டால் சேர்ப்பது எளிதாகிவிடும். மூலை மடிந்த அட்டையையும் பிழையான அட்டையையும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கேள்வியை வைத்துச் சேர்ப்பது

செட்டும் இல்லை, விலையும் இல்லை என்றால் எதற்காகச் சேர்ப்பது? ஒரு கேள்விக்காக. அட்டைகளை நிறுவனம் வகுத்த வரிசையில் சேர்க்காமல், நாமே ஒரு கருப்பொருளைத் தீர்மானித்து அதற்குப் பொருந்துபவற்றை மட்டும் சேர்க்க வேண்டும். அது எத்தனை அட்டையில் முடியும் என்பதையும் நாமே முடிவு செய்கிறோம். 12 அட்டையில் ஒரு நல்ல தொகுப்பு முடிந்துவிடலாம்.

உதாரணமாக, ‘மலையகத்தோடு தொடர்புள்ளவர்கள்’ என்று எடுத்தால் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனும் மாத்தளையில் பிறந்த குமார் சங்கக்காரவும் வருவார்கள். எம்.ஜி.ஆரும் வருவார். 1917இல் அவர் பிறந்தது நாவலப்பிட்டியில். திருவிழாக் கடையில் வாங்கிய அவருடைய சினிமாப் பட அட்டை எனது அந்த வரிசையில் முரளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கிரிக்கெட் வேறு சினிமா வேறு என்று கடைக்காரர் பிரித்திருப்பார். நான் பிரிக்க வேண்டியதில்லை.

எனது பெரிய தொகுப்பு ‘தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வந்த கிரிக்கெட் வீரர்கள்’. அதில் 1983 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் 38 ஓட்டங்களோடு ஆட்டத்தின் அதிகூடிய தனிநபர் எண்ணிக்கையைப் பெற்ற ஸ்ரீகாந்த் இருக்கிறார். 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வுபெற்ற அஸ்வின், சேலத்துக்கு அருகே சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன், எங்கள் அணியின் ரசல் ஆர்னோல்ட், யாழ்ப்பாணத்து வியாஸ்காந்த் ஆகியோரும் இருக்கிறார்கள். 2003 உலகக் கிண்ணத்தில் கனடாவுக்கு ஆடிய சஞ்சயன் துரைசிங்கம், 2011இல் சமர்செட் அணிக்காக ரி20 போட்டியொன்றில் 5 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த அருள் சுப்பையா ஆகியோருக்கு அட்டை தேடிக்கொண்டிருக்கிறேன். தேடும்போதுதான் எங்கள் ஆட்கள் எந்தெந்த நாடுகளுக்குப் போனார்கள், ஏன் போனார்கள் என்பதையும் படிக்க நேர்ந்தது.

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதி வைக்கிறேன்: எங்கே, யாரிடமிருந்து, எப்போது கிடைத்தது, அட்டை சொல்லாத ஒரு தகவல். முரளியின் அட்டையின் பின்பக்கம் விக்கெட் எண்ணிக்கையைச் சொல்லும். 1995 டிசம்பரில் மெல்பேர்ன் மைதானத்தில் அவருடைய பந்துகள் ‘எறிபந்து’ என்று மறுக்கப்பட்டதை அது சொல்லாது. அதை எழுதுவதற்குத்தான் கொப்பி.

பெயர் உள்ள படமும் பெயர் இல்லாத படமும்

முரளியின் தந்தைவழிப் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னர் அவர் இந்தியாவுக்கே திரும்பினார், மகன்மார் இங்கேயே இருந்தார்கள். பேரன் 1992இல் டெஸ்ட் ஆடத் தொடங்கி 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு முடித்தார். விட்டுக்கொடுத்த 18,180 ஓட்டங்களை 800ஆல் வகுத்தால் சராசரி 22.72 வரும். பிள்ளைகளுக்குச் சராசரி சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

அந்தப் பாட்டனார் வந்த காலத்திலும் எங்கள் மக்களின் படம் போட்ட அட்டைகள் இருந்தன. கொழும்பில் பிளாட்டே போன்ற நிறுவனங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தபால் அட்டைகள் அச்சிட்டன. கூடையோடு நிற்கும் பெண், வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள். கீழே ‘தமிழ்க் கொழுந்துக்காரி, சிலோன்’ என்றோ ‘தமிழ்க் கூலிகள்’ என்றோ இருக்கும். தோட்டத்தின் பெயர்கூடச் சில வேளை இருக்கும். படத்தில் இருப்பவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த அட்டைகள் இன்று பழம்பொருள் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகின்றன.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்கு முன்பே, தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேரனுடைய பெயரும் அதன் கீழே ‘இலங்கை’ என்ற சொல்லும் அச்சிட்ட அட்டைகளைப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் உள்ள முரளி அட்டைகளில் பழையது மிக மட்டமான அச்சு. முகத்தில் நிறம் பிசகியிருக்கிறது. ஆனால் பெயர் தெளிவாக இருக்கிறது. விலையில்லாத அந்த அட்டையைத்தான் பிள்ளைகளிடம் முதலில் காட்டுகிறேன்.

பனியிலிருந்து காப்பாற்றுவது

கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. பனியும் ஈரமும் அட்டைக்குப் பெரிய எதிரி. காகிதமும் தேயிலைத் தூளைப் போல ஈரத்தை இழுக்கும். ஒரு பக்கம் பளபளப்புப் பூச்சும் மறுபக்கம் வெறும் காகிதமும் இருந்தால் இரண்டும் ஒரே அளவில் ஈரம் இழுக்காது, அதனால் அட்டை வளைந்துவிடும். மினுமினுப்பான அட்டைகள் சீக்கிரம் வளைவதும் இதனால்தான்.

செலவில்லாத சில வழிகள்: நன்றாக மூடும் பிஸ்கட் டின்னில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் டின்னுக்குள் போடுங்கள். வெயில் உள்ள நாளில் மட்டும் திறந்து பாருங்கள், ஆனால் அட்டையை நேரடி வெயிலில் காய வைக்காதீர்கள், நிறம் போய்விடும். அடுப்புச் சுவரை ஒட்டியும் குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டியும் டின்னை வைக்க வேண்டாம். முதலாவதில் புகை, இரண்டாவதில் ஈரம். இறப்பர் பட்டி போட்டால் ஓரம் வெட்டுப்படும். பசை போட்டு ஒட்டினால் பின்பக்க எண்கள் போய்விடும், மாற்றவும் முடியாது. பிளாஸ்டிக் உறை வாங்கினால் பொலிபுரொப்பிலீன் உறையாகப் பார்த்து வாங்குங்கள். மணம் வரும் மென்மையான பி.வி.சி. உறை காலப்போக்கில் அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

கடையில் கிடைக்காத அட்டை

கருப்பொருளை வைத்துச் சேர்க்கத் தொடங்கினால் சில இடங்கள் வெறுமையாகவே இருக்கும். மகாதேவன் சதாசிவம் 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தவர், இலங்கை அணியின் தலைவராக இருந்தவர். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல், அவர் காலமானது 1977இல். அவருடைய அட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்கி நான் பார்த்ததில்லை. அந்த இடத்துக்கு நானே ஒரு அட்டை செய்தேன். தடித்த காகிதம், பென்சில் படம், பின்னால் எண்கள்.

அதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் செய்ய வேண்டும் என்றார்கள். விடுமுறை நாளொன்றில் உட்கார்ந்து அவரவர் வீட்டுப் பெரியவர்களுக்கு ட்ரம்ப் கார்ட் செய்தோம். பின்பக்கம் என்ன எழுதுவது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. ஒரு பையன் உடனே “ஒரு நாளில் பறித்த கிலோ” என்றான். ஒரு பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை: “அது துரை எழுதுற கணக்கு. எங்க அம்மாயிக்கு அதுல என்ன?” கடைசியில் அவர்களாகவே ஐந்து தலைப்புகளைத் தெரிவு செய்தார்கள்: வேலை செய்த வருடங்கள், வளர்த்த பிள்ளைகள், தெரிந்த பாட்டுகள், மாறிய வீடுகள், கிலோ. அந்தப் பிள்ளையின் அம்மாயி பாட்டில் எல்லோரையும் வென்றார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். சில விதிகள் மட்டும். படம் எடுக்க முதலில் அந்தப் பெரியவரிடம் கேளுங்கள். எண்களை ஊகித்து எழுதாமல் அவரிடமே கேட்டு எழுதுங்கள். பெயரை அவர் சொல்லும் விதத்திலேயே, முழுதாக எழுதுங்கள். அடையாள அட்டையில் பிழையாக எழுதப்பட்ட பெயர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. இதிலாவது சரியாக இருக்கட்டும். எந்த டிவிசன், எந்த வருடம் என்பதையும் குறித்துவிடுங்கள். செலவு ஒரு தடித்த தாளும் ஒரு பேனாவும்தான்.

பிள்ளை அட்டை வாங்கக் காசு கேட்டால் உடனே இல்லை என்று சொல்லாமல், “எதைப் பற்றிச் சேர்க்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் ஒரு அட்டைக்கான காசைக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு பிஸ்கட் டின்னையும் ஒரு கொப்பியையும் கொடுத்து, முதல் அட்டையை வீட்டிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.